ஓடாத ரிமோட் காரைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா? பிரித்துப் பார்த்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

போன கோடை விடுமுறையில் அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது மூன்று ரிமோட் கார்கள் அகப்பட்டன. மூன்றுக்கும் வீட்டில் சொன்ன காரணம் ஒன்றுதான்: "போர்டு போயிருக்கும்." அக்கா மகன் அவற்றைக் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று பைசா செலவில்லாமல் ஓடியது. இன்னொன்று விரல்நுனி அளவு பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றை மாற்றியதும் ஓடியது. மூன்றாவதுக்கு மட்டும்தான் உண்மையிலேயே போர்டு போயிருந்தது.

சரிசெய்வதா வேண்டாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் காரின் விலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். எட்டுநூறு ரூபாய் கார், இதற்குப் போய் மெனக்கெடுவானேன் என்பார்கள். என் அனுபவத்தில் விலை இரண்டாவது கேள்வி. எந்த உறுப்பு போயிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அது தெரிந்துவிட்டால் முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். அதற்கு அரை மணி நேரம் போதும். ஒரு நட்சத்திர முனைத் திருப்புளியும் இரண்டு பென்சில் செல்லும் வோல்ட் அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருந்தால் சரி.

முதலில், உங்கள் கார் எந்த ரகம்?

டமியா, டிராக்சாஸ் போன்ற நிறுவனங்களின் பொழுதுபோக்கு ரகக் கார்களில் பல்சக்கரம், அச்சு, மோட்டார், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் என்று ஒவ்வொன்றும் தனி உதிரியாக விற்பனைக்கு உண்டு. அவற்றுக்குப் 'புதிது வாங்கலாமா' என்ற கேள்வியே அபூர்வம். பொம்மை ரகக் காரில் ரிசீவர், வேகக் கட்டுப்பாடு, ஸ்டீயரிங் இயக்கம் எல்லாம் ஒரே சின்னப் போர்டில் அடக்கம். அந்த மாடலுக்கென்று தனி உதிரி பெரும்பாலும் யாரும் விற்பதில்லை.

தோற்றத்தை நம்பாதீர்கள். பெரிய டயர், ஸ்பிரிங் சஸ்பென்ஷன், துப்பாக்கி வடிவ ரிமோட் எல்லாம் இப்போது பொம்மைக் காருக்கும் வந்துவிட்டன. ஓடிய நாட்களில் எப்படி ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். ட்ரிகரைப் பாதி அழுத்தினால் பாதி வேகத்தில் போனதா? ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரமும் கொஞ்சம் திரும்பியதா? அப்படியென்றால் அது நல்ல ரகம். பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் உதிரி தேடிப் பாருங்கள், கிடைக்க வாய்ப்பு உண்டு. தொட்டால் முழு வேகம், விட்டால் நின்றுபோவது, திருப்பினால் ஒரே வெட்டாக ஓரம் போவது என்றால் அசல் பொம்மை ரகம். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

படி 1: திருப்புளியை எடுக்காமல் விசாரணை

ஓட்டிய பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தண்ணீரில் விட்டாயா, எங்கிருந்தாவது விழுந்ததா, கருகின வாசனை வந்ததா, கடைசியாக ஓடியபோது என்ன சத்தம் கேட்டது? திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் "சும்மா வச்சிருந்தேன், தானா நின்னுடுச்சு" என்ற பதில்தான் வரும்.

அப்புறம் ரிமோட்டில் புது செல் போடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் காரின் பேட்டரியை வாரம் இருமுறை சார்ஜ் செய்கிறவர்கள் ரிமோட்டில் இருக்கும் இரண்டு செல்லை மறந்தே போகிறார்கள். பரணிலிருந்து இறங்கிய முதல் காரில் பாதிக் கோளாறு அதுதான். ரிமோட்டில் விளக்கு எரிகிறது என்பதற்காக செல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. விளக்கு எரியப் போதுமான மின்சாரம் சிக்னல் அனுப்பப் போதாமல் போகலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் ரிமோட்டுகள் காரோடு இணைந்த பிறகுதான் வேலை செய்யும். காரை முதலில் போட்டுவிட்டு ரிமோட்டைப் போடுங்கள், சில நொடி பொறுங்கள். மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது. இல்லையென்றால் வரிசையை மாற்றிப் பாருங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்களுக்கு இந்தச் சம்பிரதாயம் இல்லை. அதே அலைவரிசையில் ஓடும் பக்கத்து வீட்டுக் காரின் ரிமோட்டையே வாங்கி அழுத்திப் பார்க்கலாம். நம் கார் அசைந்தால் கோளாறு நம் ரிமோட்டில்.

படி 2: பேட்டரி

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓடாத பொம்மைக் கார்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவற்றுக்கு நோய் இங்கேதான்.

முதலில் கண்ணால் பாருங்கள். பட்டையான லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால், நசுங்கியிருந்தால், இனிப்பு கலந்த ஒருவித ரசாயன வாசனை வந்தால் அத்துடன் அந்தப் பேட்டரியின் கதை முடிந்தது. சார்ஜில் போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வேண்டாம். உருளை வடிவ செல்கள் உலோகக் குடுவையில் இருப்பதால் உப்பித் தெரியாது. மேல் உறை கிழிந்திருக்கிறதா, முனையில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். ஒற்றை லித்தியம் செல் என்றால் மேலே 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். முழுச் சார்ஜில் 4.2 காட்டும். இரண்டு செல் கோத்த 7.4 வோல்ட் பேக், 8.4 காட்டும். ஒரு செல்லுக்கு 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட லித்தியத்தைக் கட்டாயப்படுத்தி உயிர்ப்பிக்காதீர்கள். இணையத்தில் அதற்கு நிறைய வழி சொல்கிறார்கள். குழந்தை தூங்கும் அறையில் சார்ஜ் ஆகப்போகிற பொருளில் அந்த வித்தை தேவையில்லை. பழைய கார்களில் வரும் 4.8 வோல்ட் நிக்கல் பேக், நான்கு செல்களின் வரிசை, செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட். இரவு முழுக்கச் சார்ஜ் செய்தும் ஏறக்குறைய 3.6 வோல்ட்டிலேயே நிற்கிறது என்றால் நான்கில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள்.

சும்மா வைத்து அளந்தால் மட்டும் போதாது. கிழட்டு பேட்டரியும் சும்மா இருக்கும்போது 4.1 காட்டி ஏமாற்றும். காரைத் தலைகீழாகப் பிடித்து, சக்கரத்தைக் கையால் லேசாகத் தடுத்தபடி ட்ரிகரை ஒன்றிரண்டு நொடி மட்டும் அழுத்தி அந்த நேரத்தில் அளந்து பாருங்கள். 4.1 சட்டென்று மூன்றுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். பத்தடி ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி பத்தடி ஓடும் கார்களின் ரகசியம் இதுதான்.

பேட்டரி நன்றாக இருந்து சார்ஜ்தான் ஏறவில்லை என்றால் யுஎஸ்பி சார்ஜர் வயரைச் சந்தேகியுங்கள். அது பிளக் அருகே உள்ளுக்குள் அறுந்துபோகும் பொருள். தனியாகவே கிடைக்கும்.

புதுப் பேட்டரி வாங்கும்போது மூன்று இடத்தில் கவனம் தேவை. ஒன்று, இணைப்பான். இரண்டு முனை இணைப்பான் அழகாகப் பொருந்தும், ஆனால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கலாம். பொருந்துகிறதே என்று செருகினால் நல்ல போர்டும் போய்விடும். செருகும் முன் சிவப்பு எதிரே சிவப்பு வருகிறதா என்று பாருங்கள், மீட்டரிலும் உறுதி செய்யுங்கள். இரண்டு, 14500 என்ற லித்தியம் செல் அச்சு அசலாகப் பென்சில் செல் அளவில் இருக்கும். பென்சில் செல் போட வேண்டிய இடத்தில் அதைப் போட்டால் ஒவ்வொரு செல்லுக்கும் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 3.7 போகும். மூன்று, வேகம் கூடட்டும் என்று 3.7 வோல்ட் காருக்கு 7.4 போடுவது. மோட்டார் கொஞ்ச நேரம் தாங்கும், போர்டில் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர்கள் தாங்காது. அக்கா வீட்டு மூன்றாவது கார் செத்த விதம் அதுவே. வேலையைக் காட்டியவர் யார் என்று கேட்டால் வீட்டில் இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மாமா மேல்தான் சந்தேகம்.

பென்சில் செல் போட்டு ஓடும் கார் என்றால் செல் பெட்டியைப் பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரத்தன்மை உள்ளது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் ஸ்பிரிங்கைப் பளபளப்பாகத் தேயுங்கள். கையில் பட்டால் கழுவிவிடுங்கள். இரண்டாம் வகுப்புப் பையன் செய்ய வேண்டிய வேலை இல்லை. முதல் காரின் மீதிப் பாதிக் கோளாறு இதுதான். வினிகர் சமையலறையில் இருந்தது.

படி 3: காதால் கேளுங்கள்

இன்னும் பிரிக்க வேண்டாம். காரைக் காதருகே பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள்.

'கிர்ர்' என்று மோட்டார் வேகமாகச் சுற்றும் சத்தம், ஆனால் சக்கரம் அசையவில்லை: மோட்டார் அச்சில் மாட்டியிருக்கும் சின்னப் பல்சக்கரம் வெடித்து, பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. சரிசெய்யலாம்.

'டக்' என்று ஒரு சத்தம், அல்லது மெல்லிய முனகல் மட்டும்: சக்கரம் இறுகியிருக்கிறது. அச்சில் தலைமுடி, கம்பள நூல் சுற்றியிருக்கும், அல்லது பல்லுக்கு நடுவே கல் மாட்டியிருக்கும். சரிசெய்யலாம், செலவு சுழி.

'டரடர' என்று பல் தாண்டும் சத்தம்: பெரிய பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. அதே சக்கரம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

முன்னால் போகிறது, பின்னால் வரவில்லை: ஒவ்வொரு திசைக்கும் போர்டில் தனி ஜோடி டிரான்சிஸ்டர்கள் உண்டு, ஒரு ஜோடியில் கோளாறு இருக்கலாம். அதற்கு முன் ரிமோட்டைத் திறந்து அந்தப் பட்டனுக்குக் கீழே அழுக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிட்டே ஓடுகிறது, தள்ளிப் போனால் நின்றுவிடுகிறது: ஆன்டெனா வயர் அறுந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் காருக்கு 3 சென்டிமீட்டர் வயரைப் பற்றவைத்தாலே போதும். 27 மெகாஹெர்ட்ஸ் காருக்கு வயர் நீளமாக இருக்கும், பழைய நீளத்திலேயே போடுங்கள்.

சத்தமே இல்லை, விளக்கும் இல்லை: சுவிட்ச், வயர், அல்லது போர்டு. இதற்குத்தான் பிரிக்க வேண்டும்.

படி 4: பிரித்துப் பார்த்தல்

ஒவ்வொரு அடுக்கையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது என்பது மறுநாள் ஞாபகத்தில் இருக்காது. ஸ்க்ரூக்களில் நீளம் குட்டை கலந்திருக்கும். நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் பிளாஸ்டிக் கிழியும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் திறக்கவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும்.

உள்ளே முதலில் வயர்களைப் பாருங்கள். பொம்மைக் காரின் வயர் தலைமுடியைப் போல மெலிசு. பேட்டரிப் பெட்டியிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வரும் வயர்கள் அதிர்வில் பற்று விட்டு, ஒட்டியிருப்பதுபோல் நடிக்கும். லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். ஒரு பொட்டு ஈயம் வைத்தால் முடிந்தது. சால்டரிங் பழக்கமில்லை என்றால் பக்கத்து டிவி, ரேடியோ மெக்கானிக் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்.

அடுத்து மோட்டார். அதன் இரண்டு வயரில் ஒன்றைக் கழற்றிவிட்டு, பென்சில் செல் இரண்டை மோட்டார் முனைகளில் நேரடியாகக் கொடுங்கள். பளிச்சென்று சுற்றினால் மோட்டாரில் குறையில்லை. சுற்றவில்லை என்றால் அச்சைக் கையால் சுண்டிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு சுற்றினால், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் உள்ளே தேய்ந்திருக்கிறது. பொம்மைக் கார்களில் அதிகம் காண்பது 130 என்ற அளவு மோட்டார், 50 ரூபாய்க்குள் கிடைக்கும். அச்சின் நீளத்தையும் எத்தனை வோல்ட் என்பதையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய மோட்டாரின் பின்புறத்தில் 104 என்று எழுதிய பொட்டு அளவு கெப்பாசிட்டர் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் வைக்க மறக்காதீர்கள். பிரஷ்ஷிலிருந்து வரும் மின் இரைச்சலை அது அடக்குகிறது. அது இல்லாமல் ஓட்டினால் கார் நடுங்கும், ரிமோட் எட்டும் தூரமும் குறையும்.

பல்சக்கரம்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. மோட்டார் அச்சில் இருக்கும் சின்னச் சக்கரத்தை வெளியே உருவி வெளிச்சத்தில் பிடித்தால் பல்லுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு தெரியும். எல்லோரும் முதலில் ஃபெவிக்விக்கைத் தேடுவார்கள், நானும் தேடியிருக்கிறேன். இரண்டு நாள் தாங்கும், சில சமயம் வழிந்து மோட்டார் வாயையே அடைத்துவிடும். சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் கலந்து வரும் பாக்கெட் ஒன்றை வாங்கி வைப்பது மேல். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம், இணையத்திலும் விற்கிறது. பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், பல்லின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு: வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதனால் வகுங்கள். எட்டுப் பல், 5 மில்லிமீட்டர் என்றால் 5ஐ 10ஆல் வகுக்க 0.5. இதை மாட்யூல் என்பார்கள். பொம்மைகளில் பரவலாக இருப்பது இந்த 0.5தான். 130 மோட்டாரின் அச்சு 2 மில்லிமீட்டர். சக்கரத்தின் துளை அதைவிட இம்மியளவு சிறியதாக, தட்டி ஏற்றினால்தான் ஏறும் அளவில் இருக்க வேண்டும். சுலபமாக நுழைந்தால் அது வழுக்கும் சக்கரம். இரண்டாவது கார் இப்படித்தான் பிழைத்தது.

ஸ்டீயரிங் கெட்டிருந்தால் நான் அவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை. உள்ளே சின்ன மோட்டாரும் இரண்டு மூன்று பல்சக்கரமும் நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங் கழன்றிருந்தால் மாட்டிவிடலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும், ஐந்து வயர் போகும் சர்வோ பெட்டியே போயிருந்தால், அதே அளவில் இணையத்தில் கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியில் போர்டு. பேட்டரியில் நல்ல வோல்ட் இருக்கிறது, சுவிட்ச் தாண்டியும் போர்டுக்கு வருகிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, வேறு செல் போட்ட ரிமோட்டில் அழுத்தியும் மோட்டார் வயரில் எதுவும் வரவில்லை என்றால், அப்போதுதான் "போர்டு போயிருக்கும்" என்று சொல்லலாம். கருகிய புள்ளி தெரிந்தால் இன்னும் நிச்சயம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு போர்டு பொதுவாகத் தன் ரகத்து ரிமோட்டோடு மட்டும்தான் பேசும். எனவே ரிமோட் தொலைந்த காரும் போர்டு போன காரும் ஒன்றுதான். ரிமோட்டும் போர்டும் ஜோடியாக விற்கிறார்கள், ஆனால் அதை வாங்கி வயர் மாற்றிப் பற்றவைப்பது பொழுதுபோக்காகச் செய்தால்தான் கட்டுபடியாகும்.

தண்ணீரில் விழுந்ததற்குத் தனியாக ஒரு வார்த்தை. மழைத்தண்ணீர் என்றால் பேட்டரியைக் கழற்றி, திறந்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பாருங்கள். கடல் தண்ணீர் என்றால் பேட்டரியைக் கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் செம்பை அரித்துவிடும். பீச்சுக்கு எடுத்துப் போன கார் மறுவாரம் நின்றுபோவது இதனால்தான்.

படி 5: இப்போது விலைக் கணக்கு

என் கணக்கு எளிது. உதிரியின் விலை, அனுப்பும் செலவு, மெக்கானிக் கூலி மூன்றும் சேர்ந்து, அதே மாதிரிக் கார் இன்று விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரிசெய்வேன். நீங்கள் வாங்கிய விலையை எடுக்காதீர்கள், இன்றைய விலையை எடுங்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. சில வருஷங்களுக்கு முன் வாங்கிய ஞாபகத்தில் கடைக்குப் போனால் திகைப்பாக இருக்கும்.

900 ரூபாய்க் காருக்கு 150 ரூபாய்ப் பேட்டரி என்றால் யோசிக்கவே வேண்டாம். அதே காருக்கு 350 ரூபாய்க்கு ரிமோட்டும் போர்டும் வாங்கி, அனுப்பும் செலவு கொடுத்து, மெக்கானிக்குக் கூலியும் கொடுத்தால் மிஞ்சுவது தேய்ந்த டயரும் தளர்ந்த அச்சும் உள்ள பழைய கார்தான். விட்டுவிடுங்கள். ஒரே காரில் இரண்டு பெரிய கோளாறு, உதாரணமாகப் பேட்டரியும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து, என்றாலும் நான் விட்டுவிடுவேன்.

பணத்தில் வராத ஒரு கேள்வியும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் அது வேண்டுமா? அக்கா மகனிடம் ஓடுகிற இரண்டு காரையும் கொடுத்தபோது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். மற்றது கீழ்வீட்டுக் குழந்தைக்குப் போனது. முதலிலேயே கேட்டிருந்தால் பல்சக்கரத்துக்காக நான் அலைந்திருக்க வேண்டாம். அலைந்ததில் எனக்கு வருத்தமில்லை, அது வேறு விஷயம்.

படி 6: புதிது வாங்குவதென்றால்

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மைகளுக்கான தர எண் ஐஎஸ் 15644. பெட்டியில் அதைப் பாருங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிறதா, அதன் இணைப்பான் வெளியில் கிடைக்கிற வகைதானா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். நடைமுறையில் இந்த ஒன்றுதான் காரின் ஆயுளை நிர்ணயிக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் போட முடிந்தால், பாதி ட்ரிகருக்குப் பாதி வேகம் போகிற, உதிரி கிடைக்கிற மாடலாகப் பாருங்கள்.

படி 7: பழையதை என்ன செய்வது

அப்படியே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் தனியாகக் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் மின்சாரப் பொம்மைகளும் அடக்கம், எனவே போர்டையும் கூடவே கொடுத்துவிடலாம்.

மற்றதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மோட்டார், சக்கரங்கள், பல்சக்கரப் பெட்டி, சுவிட்ச், ஸ்பிரிங், ஸ்க்ரூக்கள் எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடங்கும். மூடியில் மோட்டாரின் வோல்ட்டையும் பல் எண்ணிக்கையையும் எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது காரின் மோட்டார் இப்போது என் மேஜையில் அப்படித்தான் இருக்கிறது. கீழ்வீட்டுக் காரின் மோட்டார் கொஞ்ச நாளாக முனக ஆரம்பித்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.